வீட்டுக்குள் சிந்திய ரத்தத்தை யார் காசில் கழுவுவது?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், ஒரு மதினி வீட்டில் நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அண்ணன் கடலுக்குப் போயிருந்த ராத்திரி, பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்துவிட்டான், கையில் அரிவாள். வீட்டில் மதினி, வயதான மாமியார், இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். கழுத்துச் சங்கிலியில் கை வைத்தவனை, அடுப்படியில் சாய்த்து வைத்திருந்த உலக்கையை எடுத்து மதினி அடித்துவிட்டார். மண்டை உடைந்து அங்கேயே விழுந்தான், பிழைத்துக்கொண்டான். 108 வந்தது, போலீஸ் வந்தது, ஊரே திரண்டு வந்தது. எல்லாரும் போன பிறகு அந்த அறை மட்டும் அப்படியே கிடந்தது, பாயிலும் சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் ரத்தத்தோடு. "இதை யாருப்பா கழுவுறது?" என்று மாமியார் கேட்டபோது அங்கே நின்ற ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வக்கீல், சுகாதார ஆய்வாளர், கொத்தனார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டும், சட்டத்தைப் படித்தும் தெரிந்துகொண்டதை, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இப்படி ஒரு நிலை யாருக்கும் வர வேண்டாம். வந்தால் அந்த நேரத்தில் உட்கார்ந்து தேடிப் படிக்க முடியாது என்பதால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். நம் நாட்டில் போலீஸ் வீட்டைக் கழுவித் தராது. தடயம் எடுப்பது அவர்கள் வேலை, மிச்சத்தைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை இல்லை. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தெரு, சாக்கடை, குப்பை என்பதோடு பொறுப்பு முடிகிறது, உங்கள் வீட்டு அறைக்குள் அது வராது. ஆக, செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. அந்தக் காசில் கொஞ்சமாவது பின்னால் திரும்பி வர வழி உண்டா என்றால், உண்டு, ஆனால் அந்த வழி திறந்திருப்பதும் மூடிப்போவதும் முதல் ஓரிரு நாளில் நீங்கள் செய்கிற காரியங்களைப் பொறுத்தது.

அதில் முதல் காரியம், கழுவாமல் இருப்பது. எழுதும்போது எளிதாக இருக்கிறது, செய்வது கொடுமையான கஷ்டம். நம் வீடுகளில் ரத்தம் சிந்தினால் விடிவதற்குள் கழுவிவிட வேண்டும், பிள்ளைகள் எழுந்து பார்த்துவிடக் கூடாது, வாசல் தெளிக்கும் நேரத்துக்கு முன்னால் தீட்டுப் போக மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாம்பிராணி போட்டுவிட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். எங்கள் மதினியின் மாமியார் குடத்தைத் தூக்கிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார், இல்லையென்றால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், தற்காப்புக்காக அடித்தவருக்கு அந்தத் தரைதான் முதல் சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது இதுதான். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாகப் பயப்படும் நிலையில், தாக்க வந்தவர் இறந்துபோகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் என்கிறது 38-வது பிரிவு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைகிறவனிடமிருந்து சொத்தைக் காப்பதையும் 41-வது பிரிவு அதே அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் 37-வது பிரிவு ஒரு கோடு போடுகிறது, தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. அவன் கீழே விழுந்து அசையாமல் கிடக்கும்போது மேலும் மேலும் அடிப்பதும், ஒன்றும் எடுக்காமல் தெருவில் ஓடி ஆபத்து விலகிய பிறகு துரத்திப் போய் வெட்டுவதும் தற்காப்புக் கணக்கில் வராது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ரத்தம் பின்கட்டுக் கதவுக்கு உள்ளே மூன்றடியில் இருக்கிறதா, வெளியே தெருவில் இருக்கிறதா? தாழ்ப்பாளில் நெம்பிய தடம் இருக்கிறதா? சங்கிலியின் அறுந்த துண்டு எங்கே கிடக்கிறது? அவன் கொண்டுவந்த அரிவாள் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது? அவன் உள்ளே வந்தான், எதிரே நின்றான், நீங்கள் நின்ற இடத்திலிருந்தே தடுத்தீர்கள் என்பதை இவைதான் சொல்லும். கழுவிவிட்டால் உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும், எதிர்த்தரப்பு வக்கீல் "துரத்திப் போய் அடித்துவிட்டு வீட்டுக்குள் நடந்ததாகச் சொல்கிறார்கள்" என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். தற்காப்பு என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அதைச் சொல்கிறவருடையது என்கிறது பாரதிய சாட்சிய அதிநியமத்தின், அதாவது புதிய சாட்சியச் சட்டத்தின், 108-வது பிரிவு. நல்ல வேளையாக, அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அளவுக்கு நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 2010-ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்புக்கான நெறிகளைத் தொகுத்துச் சொன்னபோது இதையும் சொன்னது. ஆபத்தில் நிற்கிறவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதுதான். 2012-ல் மதுரையில், மகளைத் தாக்க வந்த கணவரை அடித்துக் கொன்ற ஒரு பெண்ணை, இது தற்காப்பு என்று காவல்துறையே கருதி விடுவித்தது. எல்லாருக்கும் அப்படி நடந்துவிடாது, முதலில் உங்கள் பெயரையும் எதிரிப் பட்டியலில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில், எழுதிவிட்டுத்தான் விசாரிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தடயத்தை அழித்தால் நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவில் அது தனிக் குற்றம். தெரியாமல் கழுவியவர் மேல் அந்தப் பிரிவு பாயாமல் போகலாம், ஆனால் சந்தேகம் பாயும்.

சரி, போலீஸ் வந்த பிறகு என்ன நடக்கும்? பார்வை மகஜர், அதாவது அந்த இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் அறிக்கை, எழுதுவார்கள், மாதிரி வரைபடம் போடுவார்கள், சாட்சிக் கையெழுத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரையோ அக்கம்பக்கத்தவரையோ கூப்பிடுவார்கள். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் ஆட்கள் நேரில் வந்து தடயம் எடுக்க வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், 176(3) பிரிவு. இதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நுழைந்தவர் இறந்துவிட்டால் 194-வது பிரிவின்படி பிரேத விசாரணையும் சேர்ந்துகொள்ளும், அறை பூட்டிக் கிடக்கும் நாட்களும் கூடும். அந்த நாட்களில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதும் ஒரு செலவுதான், அதையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ரத்தக்கறை படிந்த மண்ணை எடுப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்கக் கறை படாத மண்ணையும் எடுப்பார்கள். சிமெண்டுத் தரை என்றால் உளி வைத்துப் பெயர்த்து இரண்டு துண்டு எடுப்பார்கள். எங்கள் மதினி வீட்டில் அறையின் நடுவில் ஒரு பள்ளம், சுவரோரம் ஒரு பள்ளம். பாயும் தலையணையும் உலக்கையும் பறிமுதல் மகஜரில் ஏறிப் போய்விட்டன. கழுவுகிற செலவு என்று நாம் நினைப்பதில் கொத்தனார் கூலியும் வந்து சேர்வது இப்படித்தான்.

எல்லாம் முடிந்ததும் விசாரணை அதிகாரியிடம் "இனிக் கழுவலாமா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சரி என்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். கழுவத் தொடங்கும் முன் நீங்களும் மூலை மூலையாகப் படம் எடுங்கள். பார்க்கவே முடியவில்லை என்றால் வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

கழுவுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் காசும் போகிறது, ஆபத்தும் இருக்கிறது. முன்பின் தெரியாதவரின் ரத்தத்தில் என்ன நோய் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். மஞ்சள் தண்ணீர் மனசுக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், கடைசியில் தெளியுங்கள், ஆனால் வைரஸை அது கொல்லாது. அதற்கு நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கிற பிளீச்சிங் பவுடரே போதும். புதிய பவுடர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராமுக்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கரைத்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல் ஆகும். கடற்காற்றில் திறந்து கிடந்த பழைய பொட்டலம் வேண்டாம், ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். ரப்பர் கையுறை, மாஸ்க், மூடிய செருப்பு மாட்டிக்கொண்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து, முதலில் பழந்துணியால் ரத்தத்தை ஒற்றி எடுங்கள். காய்ந்திருந்தால் துடைப்பத்தால் தேய்க்காமல், சுரண்டாமல், நனைத்த பிறகு எடுங்கள். அப்புறம் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் விட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மறுபடி ஒருமுறை கரைசல் போடுங்கள். வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிப் பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீர்தான் சரி. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு தயவுசெய்து கலக்காதீர்கள், அதில் கிளம்பும் குளோரின் வாயு மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும்.

எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசுக்கு வாங்குகிறோம், ஒரு அறையைக் கழுவ எங்கே போவது? கடல் தண்ணீரை மொண்டு ஊற்றலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். செய்யாதீர்கள். உப்புத் தரைக்குள் இறங்கிவிட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு தரை எப்போதும் பிசுபிசுவென்றே கிடக்கும். ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வாங்கித்தான் ஆக வேண்டும். பனையோலைப் பாய், பஞ்சு மெத்தை, கயிற்றுக் கட்டில் இவற்றில் ரத்தம் ஊறினால் சுத்தம் செய்ய முடியாது, போலீஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவற்றை இரட்டைப் பையில் கட்டிச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும், கடலிலோ கருவேலங்காட்டிலோ போடக் கூடாது. கீழக்கரை மாதிரி ஊர்களில் கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன, அந்தச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

யார் கழுவுவது என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரு பழைய பதில் இருக்கிறது, அதைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது. தூய்மைக் காவலர் ஒருவரையோ, சுடுகாட்டு வேலை செய்கிறவரையோ கூப்பிட்டு, ஒரு பாட்டிலும் கையில் கொஞ்சம் காசும் கொடுத்து, வெறுங்கையோடு இறக்கிவிடுவது. இது அவர்களுடைய ஊராட்சி வேலையும் இல்லை, அவர்கள் சாதியின் கடமையும் இல்லை. வெளியாளை வைத்துச் செய்தால் முதலிலேயே கூலி பேசுங்கள், கொத்தனார் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள், கையுறையும் மாஸ்க்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கை வெட்டுக்காயத்தில் ரத்தம் பட்டுவிட்டது, கண்ணில் தெறித்துவிட்டது என்றால், அது நீங்களாக இருந்தாலும் அவராக இருந்தாலும், உடனே காயத்தைச் சோப்புப் போட்டும், கண்ணை வெறும் தண்ணீரிலும் கழுவிவிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மதினி வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், ஒரு அளவு தெரியட்டும். டேங்கர் தண்ணீர் 1,200 ரூபாய். பிளீச்சிங் பவுடர், பினாயில், கையுறை எல்லாம் சேர்த்து 650. கழுவிய இரண்டு பேருக்கு ஆளுக்கு 1,500 என்று 3,000. பள்ளம் அடைக்கச் சிமெண்டும் கொத்தனார் கூலியும் 2,600. அந்த ஒரு அறைக்கு மட்டும் வெள்ளை அடித்தது 4,000. புதுப்பாய், மெத்தை, தலையணை 3,500. மொத்தம் 14,950. உடைந்த பின்கட்டுக் கதவு இதில் சேரவில்லை. பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். அண்ணன் அந்த மாதம் பாதி நாள் கடலுக்குப் போகவில்லை, மனைவியை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார், அந்த வீட்டுக்கு அது பெரிய தொகைதான். மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கொடுத்தார்கள்.

இந்தக் காசு எங்கிருந்து திரும்பி வரலாம்? அமெரிக்காவில் இதற்கென்றே தனியார் கம்பெனிகள் இருக்கின்றன, வீட்டுக் காப்பீடு பல நேரம் அந்தச் செலவை ஏற்கிறது, அதுவும் இல்லையென்றால் பல மாநிலங்களில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியிலிருந்து வீட்டைச் சுத்தம் செய்த செலவை வாங்கலாம். 1984-ல் அங்கே கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, குற்றவாளிகள் கட்டும் அபராதத்திலிருந்து அந்த நிதிக்குப் பணம் போகிறது. நம் ஊரில் அப்படி ஒரு தனி ஏற்பாடே இல்லை. இணையத்தில் அமெரிக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு இங்கே அதே எதிர்பார்ப்போடு போய் நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இங்கே இருக்கிற வாசல்கள் வேறு. வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, புயல், வெள்ளம், கலவரம் போன்றவற்றுக்கானது, திருட்டுக்காக உடைத்து நுழைவதை அது பொதுவாகச் சேர்ப்பதில்லை, அதற்குத் தனியாகக் களவுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் உடைந்த கதவுக்கும் பூட்டுக்கும் கேட்டுப் பார்க்கலாம். மீனவர் குழு விபத்துக் காப்பீடு உயிரிழப்பு, ஊனம், விபத்து வைத்தியம் போன்றவற்றுக்கானது, இதற்கு அதில் இடமில்லை. வாடகை வீடு என்றால் கட்டுமானப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, கழுவுகிற செலவைப் பேசித்தான் தீர்க்க வேண்டும், பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நீதிமன்றம். நுழைந்தவனுக்குத் தண்டனை கிடைத்தால், அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், அபராதமே விதிக்காவிட்டாலும் தனியாக இழப்பீடு கட்டச் சொல்லலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395-வது பிரிவு இது. இதற்குத்தான் ரசீது வேண்டும். டேங்கர்காரர் பில் கொடுக்க மாட்டார், ஒரு வெள்ளைத்தாளில் தேதி, தொகை, கையெழுத்து, போன் நம்பர் வாங்கினால் போதும். கொத்தனாரிடமும் அப்படியே. நகல் ஒன்றை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து வழக்குக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள், அரசு வழக்கறிஞரிடமும் ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள், கேட்காமல் யாரும் இந்தத் தொகையை நினைவில் வைத்துக் கேட்டுத் தரப் போவதில்லை. இதில் இரண்டு சிக்கல். தண்டனை வர வருடக்கணக்காகும், வந்தாலும் அவனிடம் காசு இருக்க வேண்டும். அவன் இறந்துவிட்டிருந்தால் தண்டிக்க ஆளே இல்லை, இந்த வாசல் மூடிவிடும்.

அப்போதும் மிச்சமிருப்பது அதே சட்டத்தின் 396-வது பிரிவு. குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்து மறுவாழ்வு தேவைப்படுகிறவருக்கு அரசு நிதியிலிருந்து இழப்பீடு தருவது பற்றியது அது, விண்ணப்பம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும். அவர்கள் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் 2013 முதல் இதற்கான திட்டம் இருக்கிறது. ஆனால் அது உயிரிழப்பு, உடற்காயம், பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு என்ற கணக்கில் அமைந்தது, தரையைக் கழுவினேன் என்று மட்டும் எழுதிப் போட்டால் எடுபடாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காயம் பட்டிருந்தால் அதை முதலில் வைத்து, வேலைக்குப் போகாத நாட்கள், வைத்தியச் செலவு, வீட்டைச் சரிசெய்த செலவு எல்லாவற்றையும் அதன் கீழே சேர்த்து எழுதுங்கள். மதினிக்குத் தோளில் அரிவாள் பட்ட காயம் இருந்தது. "அது சின்னக் காயம், விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள்தான் அரசு மருத்துவமனையில் காட்டிக் காயச் சான்று வாங்க வைத்தோம். தற்காப்பு என்று சொல்வதற்கும் அந்தச் சான்று உதவும், இழப்பீடு கேட்பதற்கும் உதவும்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உண்டு. எதிரியாகச் சேர்க்கப்பட்டிருந்தாலும் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். ராத்திரி தூக்கம் வரவில்லை, அந்த அறைக்குள் கால் வைக்க முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், காசு கிடையாது. மதினி மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டார், முதல் வாரமே கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்.

அவருடைய 14,950 ரூபாய்க்கான தாள்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. நகல் ஸ்டேஷனில் இருக்கிறது, ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. உலக்கை கோர்ட்டில் இருக்கிறது. நடு அறையில் புதுச் சிமெண்டு பூசிய இடம் மட்டும் நிறம் மாறித் தெரிகிறது, அதன் மேல் பாயை விரித்து வைத்திருக்கிறார்கள்.